சாருக்கு என்ன மீன் பிடிக்கும்?

சதீஷ், நன்றாக இருக்கிறாயா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. நேற்றுதான் போனில் பேசினோம், நன்றாகத்தான் இருக்கிறாய். ஒரே ஊருக்குள், லாஸ்பேட்டையில் இருக்கிற பிள்ளைக்கு முத்தியால்பேட்டையிலிருந்து எதற்குக் கடிதம் என்று உங்கப்பாவே சிரிக்கிறார். நேரில் வந்தால் நீ "சாப்டியாம்மா" என்பாய், உன் பெண்டாட்டி டீ போட்டுக் கொடுப்பாள், டிவி ஒரு பக்கம் ஓடும், நான் சொல்ல வந்ததைத் தொண்டையிலேயே வைத்துக்கொண்டு திரும்பி வருவேன். போனில் பேசலாம் என்றால் நான் வாயைத் திறந்ததும் உன் ஸ்கூலில் பெல் அடித்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பேசினால்கூட உனக்கு எங்கிருந்தோ ஒரு பெல் அடிக்கிறது. காகிதத்தில் எழுதினால் அந்தத் தொல்லை இல்லை. எட்டாவது வரைக்கும் படித்த கை, எழுத்து கோணலும் மாணலுமாகத்தான் இருக்கும். சிவப்புப் பேனாவை எடுத்துத் திருத்தாமல் கடைசி வரைக்கும் படி.

வியாழக்கிழமை காலை, பெரிய மார்க்கெட்டில் கூட்டம் கொஞ்சம் ஓய்ந்திருந்தது. என் பக்கத்தில் அரிவாள்மணையைப் போட்டுக்கொண்டு மீன் ஆய்ந்து கொடுக்கிற மல்லிகாவை உனக்குத் தெரியும். என்னிடம் வாங்குகிறவர்கள் அவளிடம் கொடுத்துத்தான் செதில் எடுத்துத் துண்டு போட்டு வாங்கிப் போவார்கள். அவள் மகள் பவித்ரா உன் ஒன்பதாம் வகுப்பில்தான் படிக்கிறாள். வாயாடிப் பெண் மல்லிகா, வாய் ஓயவே ஓயாது. அன்றைக்கு வந்ததிலிருந்து பேசவே இல்லை. உடம்பு சரியில்லையோ என்று நினைத்தேன். கையைக் கழுவிப் புடவையில் துடைத்துக்கொண்டு என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள். "யக்கா, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைச்சுக்காத. சதீஷ் சாருக்கு என்னா மீன் புடிக்கும்?"

பெற்ற பிள்ளைக்கு என்ன மீன் பிடிக்கும் என்று எனக்குத் தெரியாதா? நெத்திலியை மொறுமொறுவென்று வறுத்து வைத்தால் சோறே இல்லாமல் தின்றுவிடுவாய். ஆனால் அவள் எதற்குக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பத்தாவதில் ஸ்கூலுக்கு நூற்றுக்கு நூறு ரிசல்ட் வேண்டும் என்பதற்காக, ஒன்பதாவதிலேயே சரியாகப் படிக்காத பிள்ளைகளின் பெற்றோரைக் கூப்பிட்டு டிசி வாங்கிக்கொண்டு போகச் சொல்கிறீர்களாம். யார் யார் போக வேண்டும் என்று வகுப்பு வாத்தியார்தான் சொல்ல வேண்டுமாம். வருகிற திங்கட்கிழமை மல்லிகாவை வரச் சொல்லியிருக்கிறீர்கள். அவளுக்கு ஸ்கூலைப் பற்றி வேறு எதுவும் தெரியாது. வாத்தியாரின் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்பது தெரியும், வாத்தியாரும் மீன் தின்கிற வீட்டுப் பிள்ளைதான் என்பது தெரியும். "இரு மல்லிகா, ஆளு வருது" என்று சொல்லிவிட்டு, யாருமே வராத பக்கம் பார்த்துக் கூவ ஆரம்பித்துவிட்டேன். அன்றைக்கு முழுக்க அவள் பக்கம் திரும்பாமலே வியாபாரம் பார்த்தேன்.

ஏனென்றால் இதே கேள்வியை நான் ஒருகாலத்தில் கேட்டிருக்கிறேன். நீ படித்த ஸ்கூல் வராந்தாவில் நின்றுகொண்டு, மணி அடிக்கிற ஆளிடம், "அண்ணே, மிஸ்ஸுக்கு என்னா மீன் புடிக்கும்?" என்று கேட்டேன். அப்போது உனக்கு மல்லிகா மகளின் வயதுதான்.

நேற்று போன் செய்ததும் இதற்காகத்தான். பவித்ரா எப்படிப் படிக்கிறாள் என்று சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன். நீ உடனே பிடித்துக்கொண்டாய். "அவங்கம்மா உங்கிட்ட ரெக்கமண்டேஷனுக்கு வந்துட்டாங்களா?" என்றாய். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. அப்புறம் சொன்னாய்: "அந்தப் பொண்ணு வாயே தொறக்காதும்மா. ஹோம்ஒர்க் பாதி நாள் இருக்காது. அந்த மாதிரி வீட்டுப் பசங்களுக்குப் பின்னாடி ஆளு இல்லம்மா, நாங்க மட்டும் என்னா பண்றது? கவர்மெண்ட் ஸ்கூல்ல போய் நிம்மதியா படிக்கட்டும்." எந்த மாதிரி வீடுடா என்று கேட்டேன். நீ, "நம்ம வேறம்மா" என்றாய். பிறகு பெல் அடித்துவிட்டது.

நம்ம எப்படி வேற? நேற்றிலிருந்து இதைத்தான் மனசுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். காலையில் குழம்புக்கு உப்புப் போட்டேனா இல்லையா என்று தெரியாமல் திரும்பவும் போட்டுவிட்டேன். உங்கப்பா ஒரு வாய் வைத்துவிட்டு, "கடல் தண்ணிய மொண்டு ஊத்திட்டியா?" என்றார். மார்க்கெட்டிலிருந்து வந்து குளித்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். இதுவரைக்கும் எழுதுவதற்குள் எத்தனை தடவை எழுந்து வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துவிட்டு வந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. உட்கார்ந்தால் நிற்க வேண்டும் போல இருக்கிறது, நின்றால் உட்கார வேண்டும் போல இருக்கிறது.

உனக்கு நினைவிருப்பது வேறு, எனக்கு நினைவிருப்பது வேறு. அதனால் எனக்கு நினைவிருப்பதைச் சொல்கிறேன். உன்னை அந்த ஸ்கூலில் சேர்த்தபோது நம் தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. சொல்தா வீட்டுப் பிள்ளைகள் படிக்கிற ஸ்கூல். தாத்தாவோ அப்பாவோ பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து, மாசம் பிறந்தால் பிரான்சிலிருந்து பென்ஷன் வருகிற வீடுகள் அவை. அந்தப் பிள்ளைகள் லீவுக்குப் பாரிசுக்குப் போய்விட்டு வந்தால் மிஸ்மார்களுக்கு சென்ட் பாட்டில், சாக்லேட் எல்லாம் வரும். "மெர்சி மெர்சி" என்று அவர்கள் கொஞ்சுவது வராந்தா வரைக்கும் கேட்கும். அந்தப் பிள்ளைகள் முன்பெஞ்சு. உன்னைக் கடைசியில் ஜன்னல் ஓரமாக உட்கார வைத்திருந்தார்கள். காற்று வாங்குவதற்கு என்று நீ என்னிடம் சொன்னாய். உன் சட்டையில் மீன் வாடை வருகிறது என்று பக்கத்துப் பையன் சொன்னதால் மாற்றினார்கள் என்று எனக்கு ஏழுமலை சொல்லித்தான் தெரியும். அவனும் உன்னோடு அந்த ஜன்னல் பெஞ்சில்தான் இருந்தான். அவனுக்கு மீன் வாடை கிடையாது, மில்லு மூடி அப்பாவுக்கு வேலை இல்லாமல் போன வீடு, காலில் செருப்பு இல்லை, அவ்வளவுதான். அன்றிலிருந்து உன் சட்டையை வேறு வாளியில் தனியாக ஊற வைத்தேன். காலையில் உனக்குத் தலை வாரி விடுவதற்கு முன்னால் நான் கையை எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்துக் கழுவுவேன். உனக்கு அது தெரியாது.

ஒன்பதாவதில் உன் வகுப்பு மிஸ் என்னை வரச் சொல்லி, "உங்க பையன் பத்தாவது தாங்க மாட்டான், வேற ஸ்கூல் பாத்துக்குங்க" என்றார். பெரிய அறை. நாற்காலிகள் காலியாகத்தான் கிடந்தன. கூடையை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போயிருந்தேன். உட்கார் என்று அவர் சொல்லவில்லை. உட்காரலாம் என்று எனக்கும் தோன்றவில்லை. எங்கே என் புடவை நாற்காலியில் பட்டுவிடுமோ என்று ஒடுங்கிக்கொண்டு நின்றேன். வெளியே வந்ததும்தான் அந்த மணியடிக்கிற அண்ணனிடம் கேட்டேன். "வஞ்சிரம்னா உசுரு. வேதக்காரங்க, மாதா கோயிலுக்குப் போறவங்க, வெள்ளிக்கிழமையில அவங்க வூட்ல கறி தின்ன மாட்டாங்க, மீன்தான். அன்னிக்குக் குடு" என்று அவர்தான் வழி சொன்னார். எனக்கும் அது தோதாக இருந்தது. வெள்ளிக்கிழமை நம் ஜனங்கள் மீனைத் தொட மாட்டார்கள், வியாபாரம் படுத்திருக்கும், நல்ல மீன் கையில் தங்கும்.

அப்படித்தான் வெள்ளிக்கிழமை மீன் ஆரம்பித்தது. முதல் வெள்ளிக்கிழமை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மிஸ் வேண்டாம் வேண்டாம் என்றார், அப்புறம், "இங்க வெச்சா வாசம் வரும், பையன்கிட்ட குடுத்து வீட்டுக்கு அனுப்பிடுங்க" என்றார். அடுத்த வாரத்திலிருந்து அது உன் வேலை ஆனது. மூன்றாவது பீரியடில் நான் ஸ்கூல் கேட்டுக்கு வருவேன், உன்னை அனுப்புவார்கள், நீ பையை வாங்கிக்கொண்டு கோயில் தெருவில் இருந்த மிஸ் வீட்டுக்குப் போவாய். அவர் மாமியார் உனக்கு பிஸ்கட் கொடுப்பார். நீ ஆடி அசைந்து திரும்பி வருவதற்குள் அந்த பீரியடும் முடிந்து அடுத்ததும் பாதி போயிருக்கும். உங்கப்பாவுக்கு எரிச்சல் தாங்காது. "அலையில சாவறவன் நானு, வஞ்சிரம் திங்கிறது டீச்சரம்மா வூட்டுக்காரரா?" என்பார். ஆனால் அவரே நல்ல மீனாகப் பார்த்துத் தனியாக எடுத்து வைப்பார். உனக்குக் கர்வம் தாங்கவில்லை. "மிஸ்ஸு என்னெத்தாம்மா அனுப்புவாங்க, வேற யாரையும் அனுப்ப மாட்டாங்க" என்று சொல்லிக்கொண்டு தெருவில் நடப்பாய். எனக்கும் கர்வம்தான். வெள்ளிக்கிழமை மூன்றாவது பீரியட் கணக்கு என்று எனக்கு அப்போது தெரியாது. இன்றைக்கு நீ கணக்கு வாத்தியார் என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, வயிற்றெரிச்சலும் வருகிறது. கணக்குப் பாடத்தை விட்டுவிட்டு மீன் தூக்கிக்கொண்டு போய்த்தான் நீ கணக்கு வாத்தியார் ஆனாய்.

மிஸ்ஸைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அந்த அம்மா கெட்டவர் இல்லை. உன் முகம் அவர் கண்ணில் பட ஆரம்பித்தது. மீன் கொண்டு வருகிற பையன் என்றுதான் பட்டது, ஆனாலும் பட்டது. உன் பெயர் அவர் வாயில் வந்தது. "சதீஷ், ஏன் இதுல மார்க்கு போச்சு?" என்று உன்னைக் கேட்க ஆரம்பித்தார். கேட்கிறார்களே என்று நீ படித்தாய். ராப்பகலாகப் படித்தாய், அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. உன் உழைப்பை நான் ஏன் குறைத்துச் சொல்லப் போகிறேன்? ஆனால் அந்த வருஷம் ஏழுமலைக்கும் உனக்கும் மார்க்கு ஏறக்குறைய ஒன்றுதான். நீங்கள் ரெண்டு பேரும் நம் வீட்டில் உட்கார்ந்து பேப்பரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டு சிரித்தீர்கள். நீ பத்தாவதுக்குப் போனாய். அவனுக்கு டிசி கொடுத்தார்கள். அவன் அம்மாவும் அந்த அறையில் போய் நின்றிருப்பாள். அவளிடம் கொண்டுபோய்க் கொடுக்க என்ன இருந்தது? மூடின மில்லிலிருந்து என்ன எடுத்துக்கொண்டு போவாள்?

நான் செய்தது தப்பு என்று சொல்லி உன்னிடம் கண் கசக்கப் போகிறேன் என்று நினைக்காதே. இன்றைக்கும் அதே நிலைமை வந்தால் அதே வஞ்சிரத்தைத்தான் தூக்கிக்கொண்டு ஓடுவேன். பிள்ளை பெற்றவளுக்கு வேறு என்ன தெரியும்? என் கோபம் அதில் இல்லை. ஆண்டு விழாவில் உனக்கு நல்லாசிரியர் என்று சால்வை போட்டார்களே, அன்றைக்கு மேடையில் நீ பேசினதில்தான். "எங்கம்மா தெருத்தெருவா மீன் கூடை சுமந்தாங்க. என் டீச்சர்ஸ் யாரும் என்னை வேற மாதிரி பார்த்ததே இல்ல. உழைச்சேன், வந்தேன். ஏழைங்கறது ஒரு சாக்கு" என்று பேசினாய். எல்லாரும் கை தட்டினார்கள். என்னை எழுந்து நிற்கச் சொன்னார்கள், பட்டுப்புடவையைச் சரி பண்ணிக்கொண்டு நானும் எழுந்து நின்றேன். நீ பொய் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். அப்படித்தான் நடந்தது என்று நீயே நம்பிவிட்டாய். எந்த பெஞ்சில் உன்னை உட்கார வைத்திருந்தார்கள் என்பதே உனக்கு மறந்துவிட்டது. எனக்கு மறக்கவில்லை.

இன்னொன்றையும் அன்றைக்குப் பார்த்தேன். மேடையில் பாட்டுப் பாடியது, இங்கிலீஷில் பேசியது, பிரெஞ்சில் வரவேற்றது எல்லாம் கார் வீட்டுப் பிள்ளைகள். கீழே நாற்காலி தூக்கிப் போட்டது, தண்ணீர் பாட்டில் கொடுத்தது, குப்பை பொறுக்கியது எல்லாம் வேறு பிள்ளைகள். யாரும் வேண்டுமென்று பிரித்திருக்க மாட்டீர்கள். "வேலைன்னா இவன் சுறுசுறுப்பா செய்வான்" என்று நீங்கள் அன்பாகத்தான் கூப்பிட்டிருப்பீர்கள். உன் மிஸ்ஸும் அப்படி அன்பாகத்தான் உன்னைக் கூப்பிட்டார். எனக்கு முன்வரிசையில் இடம் பிடித்து ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து, தூசி தட்டிப் போட்டு, "உக்காருங்க ஆயா" என்று சொன்னது பவித்ரா. மல்லிகா பின்னால் நின்றுகொண்டிருந்தாள். நான் எழுந்து நின்று கும்பிட்டபோது அவளும் கை தட்டினாள்.

அந்தப் பெண் வாயே திறக்க மாட்டாள் என்றாயே, ஏன் திறப்பதில்லை என்று நான் சொல்லட்டுமா? நேற்று உன்னிடம் பேசின பிறகு மல்லிகாவிடம் கேட்டேன். வருஷத் தொடக்கத்தில் ஒவ்வொருவராக எழுப்பி அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டாயாம். டாக்டர், பேங்க், ஹோட்டல் முதலாளி என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். இவள், "நோணாங்குப்பம் போட் ஹவுஸ்ல பேரடைஸ் பீச்சுக்குப் படகு ஓட்டுறாரு" என்றாள். நீ, "அப்ப நமக்கெல்லாம் பேரடைஸ் பீச்சுக்கு ஃப்ரீ டிக்கெட்டு" என்றாயாம். பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். அவளும் சிரித்தாளாம். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "எங்கிட்ட மட்டும்தாம்மா ஜோக் அடிச்சாரு" என்றாளாம். அதற்குப் பிறகு நீ எழுப்பினால் அவளுக்குத் தெரிந்த பதிலும் வாயில் வருவதில்லையாம். உனக்கு அது நினைவில்கூட இருக்காது. நீ நல்ல மனசோடுதான் சொல்லியிருப்பாய். உன் கேலி எனக்குத் தெரியாதா, என்னிடமிருந்து வந்ததுதானே. ஆனால் டாக்டர் பிள்ளையிடம், "அப்ப நமக்கெல்லாம் ஃப்ரீ ஊசி" என்று உனக்கு ஏன் சொல்லத் தோன்றவில்லை என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பார்.

அதோடு விட்டதா? பொங்கல் லீவு முடிந்து நீங்கள் வாத்தியார்கள் எல்லாம் சேர்ந்து அதே பேரடைஸ் பீச்சுக்குப் போனீர்களே. போட்டோ எல்லாம் எனக்கு அனுப்பினாய், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அழகாகத்தான் இருந்தாய். டிக்கெட் வரிசை ரோடு வரைக்கும் நின்றதாம். பவித்ராவின் அப்பாவுக்கு அன்றைக்கு வேலை கிடையாது. லீவு நாளில் விடியற்காலையிலேயே வந்து, உங்களுக்காக வெயிலில் அந்த வரிசையில் நின்று டிக்கெட் வாங்கி வைத்திருந்தார். நீங்கள் நேராக வந்து படகில் ஏறினீர்கள். யாரோ ஒரு வாத்தியார் அந்தப் பெண்ணிடம், "அப்பாகிட்ட சொல்லி வைம்மா" என்று சொல்லியிருக்கிறார். நீ சொல்லியிருக்க மாட்டாய் என்று நம்புகிறேன். ஆனால் படகில் ஏறினாய். வாழ்க்கையில் யாரிடமும் ஒன்றும் கைநீட்டி வாங்கினதில்லை என்று பெருமையாகச் சொல்வாயே. அந்தப் பெண்ணின் வீட்டு வஞ்சிரத்தை நீ ஏற்கெனவே வாங்கித் தின்றாகிவிட்டது, தம்பி.

இந்த இடத்தில் பேனாவை மூடிவிட்டு எழுந்து போய்விட்டேன். உங்கப்பா, "போதும் வுடு, புள்ள கோவிச்சுக்கப் போவுது" என்றார். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள். உன் பக்கத்தையும் நான் யோசிக்காமல் இல்லை. நீ பர்மனென்ட் ஆகவில்லை. பத்தாவதில் ஒரு பிள்ளை தவறினால் உன்னைத்தான் கூப்பிட்டுக் கேட்பார்கள். உன் பெண்டாட்டி வேறு மாசமாக இருக்கிறாள். நீ அந்தப் பெண்ணை வைத்துக்கொண்டு, அவள் தவறி, உன் வேலைக்கு ஏதாவது வந்தால், இந்தக் கடிதம் எழுதின கையை நானே வெட்டிக்கொள்ளத் தோன்றும். அதனால்தான் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பயமில்லாமல் நியாயம் பேசுவதற்கு எனக்கு வசதி இல்லை. ஆனால் ஏழுமலை ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்க என்னிடம்தான் வருகிறான். வெள்ளைக்காரத் தெருவில் டூரிஸ்டுகளுக்கு ஸ்கூட்டர் வாடகைக்கு விடுகிற கடையில் வேலை பார்க்கிறான். நன்றாகத்தான் இருக்கிறான், கல்யாணம் ஆகிக் குழந்தை இருக்கிறது, கெட்டுப் போகவில்லை. உன்னைப் பற்றி விசாரிக்காமல் போக மாட்டான். "சாரு எப்டிக்கிறாரும்மா?" என்பான். ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன், ஒரே தட்டில் தின்றவன், உன்னை சார் என்கிறான். நீ டேய் என்று கூப்பிட்டு ஒரு தடவை அவன் கடைப் பக்கம் போயிருக்கிறாயா? நான் கேட்டால் நேரமில்லை என்பாய்.

உனக்கு நான் பாடம் நடத்த வரவில்லை. கணக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று எனக்கு என்ன தெரியும். அந்தப் பெண் கெட்டிக்காரி என்றும் நான் சொல்லவில்லை, அதுவும் எனக்குத் தெரியாது. சுமாராகப் படிக்கிற பெண்ணாகவே இருக்கட்டும். நீயும் சுமார்தான்டா. சுமாராகப் படிக்கிற சொல்தா வீட்டுப் பிள்ளைகள் உன்னோடு பத்தாவதுக்கு வந்தார்கள், அவர்களை யாரும் வேறு ஸ்கூல் பார்க்கச் சொல்லவில்லை. டியூஷன் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார்கள், உட்கார வைத்துச் சொன்னார்கள். உன் வகுப்பிலும் சுமாராகப் படிக்கிற டாக்டர் பிள்ளை ஒருத்தன் இருப்பான். அவனுக்கு என்ன சொல்லப் போகிறாயோ அதையே இவளுக்கும் சொல். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

இன்றைக்குக் காலையில் மல்லிகா திரும்பவும் கேட்டாள். நாளை ஞாயிற்றுக்கிழமை, மீன் ஏலத்துக்கு அவள் கொழுந்தனார் போகிறாராம், சொன்னால் நல்ல மீனாக எடுத்து வைத்துவிடுவாராம், நாளைக்கே உன் வீட்டில் கொண்டுவந்து கொடுத்துவிட்டால் திங்கட்கிழமைக்கு நன்றாக இருக்கும் என்றாள். நான், "எம் புள்ளைக்கு மீன் புடிக்காது" என்றேன். அவள் சிரித்தாள். "மீன்காரி பெத்த புள்ளைக்கு மீன் புடிக்காதா? வெளயாடாதக்கா." நான், "அவனுக்கு ஒண்ணும் புடிக்காது, நீ ஒண்ணும் எடுத்துக்கினு போவாத, வெறுங்கையோட போ" என்றேன். அவள் சிரிப்பு நின்றுவிட்டது. கையிலிருந்த மீனைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். "ஏங்கா, உம் புள்ள பாஸாவறதுக்கு வாரா வாரம் வஞ்சிரம் எடுத்துக்கினு போனியே, இந்த மார்க்கெட்டுக்கே தெரியும். எனக்கு மட்டும் வெறுங்கையா?" என்றாள்.

என் பிள்ளை அந்த மிஸ் மாதிரி இல்லை என்று சொன்னேன். நேற்று உன் குரலைக் கேட்ட பிறகும் அப்படித்தான் சொன்னேன். அவளுக்குப் பாதி நம்பிக்கைதான். ஆனால் என் வார்த்தைக்காக, போகிறேன் என்று தலையை ஆட்டினாள். அவளிடம் இருந்த ஒரே வழியை நான் அடைத்துவிட்டேன். அதற்குப் பதிலாக உன்னைக் கொடுத்திருக்கிறேன்.

இதை உங்கப்பாவிடம் கொடுத்து அனுப்புகிறேன், ராத்திரிக்குள் உன் கைக்கு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க உனக்கு யோசிக்க இருக்கிறது. திங்கட்கிழமை மல்லிகா வருவாள். குளித்துவிட்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு, எலுமிச்சம்பழத்தில் கை தேய்த்துக்கொண்டுதான் வருவாள், வாசலிலேயே நிற்பாள். அவளை உள்ளே கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொல். உட்கார மாட்டாள், இரண்டாம் தடவையும் சொல். அதற்குப் பிறகு நீ அவளிடம் என்ன பேசுவாய் என்று எனக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமை காலையில் நான் மார்க்கெட்டுக்குப் போய், அவள் பக்கத்தில்தான் உட்கார வேண்டும்.

அம்மா